ஒரு நாள் முந்திய தராசு

குத்துச்சண்டை வீரர் ஆர்த்துரோ கற்றி இத்தாலியில் பிறந்து மொன்றியலில் வளர்ந்தவர். 2009 யூலையில் அவர் இறந்தபோது, நான் குடியிருக்கும் இல்-பிசாரில் கூட இத்தாலியக் குடும்பங்கள் சொந்தப் பிள்ளையை இழந்ததுபோலப் பேசிக்கொண்டன. மிக்கி வோர்டுடன் அவர் மோதிய மூன்று சண்டைகளை எல்லோரும் நினைவுகூர்வார்கள். ஜோய் கமாஷுடன் மோதியதைப் பலர் மறந்துவிட்டார்கள். மறக்கக்கூடாத சண்டை அதுதான்.

2000 பெப்ரவரி 26, நியூயோர்க், மடிசன் ஸ்குவயர் கார்டன். ஒப்பந்த எடை 141 இறாத்தல். முதல் நாள் எடைபார்ப்பில் இருவரும் தேறியதாக அறிவித்தார்கள். கற்றியின் எடை சரியாகப் பார்க்கப்படவில்லை என்று கமாஷின் தரப்பு முறையிட்டது. சண்டை இரவில் தொலைக்காட்சி நிறுவனத்தின் தராசில் கமாஷ் 145, கற்றி 160. இடைவெளி 15 இறாத்தல், ஏறக்குறைய ஏழு கிலோ. இரண்டாம் சுற்றிலேயே கமாஷ் நினைவிழந்து விழுந்தார். மூளையில் காயம். அதன் பிறகு அவர் மேடையேறவில்லை.

எடைபார்ப்பு ஏன் முதல் நாளுக்குப் போனது? முன்பெல்லாம் சண்டை நாளன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். வியர்வை உடுப்போடு ஓடி, நீராவி அறையில் இருந்து, தண்ணீரைத் தவிர்த்து உடலை வற்றச் செய்தவர் அதே இரவில் அடி வாங்க வேண்டியிருந்தது. 1982 நவம்பரில், ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். அதன் பின்னர் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்தன. எடைபார்ப்பும் படிப்படியாக முதல் நாளுக்கு நகர்ந்தது. வற்றிய உடல் தேற ஒரு நாள் கிடைக்கட்டும் என்பதே எண்ணம்.

ஆனால் அந்த ஒரு நாள் வேறு கணக்குக்கும் வழிவிட்டது. வற்றி எடையில் தேறிவிட்டு, குடித்தும் உண்டும் ஊதிப்பெருத்து, தன்னைவிடச் சிறிய உடல்காரரோடு மோதலாம். மறுபுறம், குடித்த நீர் இரத்தத்தில் சேரும் வேகத்தில் மூளையைச் சூழ்ந்த நீர் மீள்வதில்லை என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். எனவே பெருத்தவருக்கும் ஆபத்து நீங்குவதில்லை.

பழையபடி அதே நாளில் எடை பார்த்தால் போதுமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப்போட்டி நாளின் காலை 50 கிலோவுக்கு 100 கிராம் கூடியதால் தகுதி இழந்தார். இரவு முழுக்க வியர்த்தும், தலைமயிரை வெட்டியும் பயனில்லை. தராசை நகர்த்தினாலும் வற்றச்செய்வது நிற்கவில்லை. மேலெழும் எடைக்கும் வரம்பு வேண்டும். பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு முன்பு தன் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலை மீண்டும் எடை பார்த்து, பத்து இறாத்தலுக்கு மேல் கூட விடாமல் இருந்தது. பட்டத்தோடு தொடர்பற்ற சண்டைகளுக்கு இந்த விதி இருக்கவில்லை. கற்றி-கமாஷ் சண்டையும் பட்டத்துக்கானதல்ல.

கமாஷ் நியூயோர்க் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2010இல் தீர்ப்பு வந்தது: எடைபார்ப்பில் ஆணையம் கவனக்குறைவாக நடந்தது உண்மை, ஆனால் காயத்துக்கு எடை வேறுபாடே காரணம் என்று நிறுவப்படவில்லை. இழப்பீடு கிடைக்கவில்லை. 141 என்று எழுதிய தாளுக்கு ஆணையம் பொறுப்பேற்றது. மறுநாள் மேடையேறிய 160க்குப் பொறுப்பேற்க யாரும் இருக்கவில்லை.