கடல் கடந்த தமிழரும் சாரங்கபாணியாரும்

ஒரு சமூகத்தின் உயர்வுக்கு உழைத்தோரின் சரித்திரத்தை அச்சமூகத்து வாலிபர் அறிந்திருத்தல் அவசியம் என்பது நமது கொள்கை. அவ்வகையில், சிங்கப்பூர்த் தமிழரின் தலைவராய் விளங்கித் தமிழவேள் எனப் போற்றப்பெற்ற கோ. சாரங்கபாணியாரின் தொண்டினை ஈண்டு ஆராய்வோம்.

இவர் 1903-ஆம் ஆண்டு திருவாரூரிற் பிறந்தார். 1924-இல் சிங்கப்பூர் சென்று கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். அந்நாளில் அங்கிருந்த தமிழருட் பெரும்பாலோர் உடலுழைப்பால் வாழ்ந்தவர். கப்பலேறியவர் சாதியைக் கரையில் விட்டுச் சென்றாரில்லை. தாய்நாட்டில் இருந்த ஏற்றத்தாழ்வும் உடன் சென்றது. கள்ளும் கடனும் அவர்தம் கூலியைத் தின்றன.

1929-ஆம் ஆண்டு இறுதியில் ஈ. வெ. இராமசாமிப் பெரியார் மலாயாவிற்கு எழுந்தருளிச் செய்த பிரசங்கங்கள் வாலிபர் பலரைத் தட்டியெழுப்பின. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. அதில் முன்னின்று உழைத்தோருள் சாரங்கபாணியாரும் ஒருவர். 1935 சூலை 6-ஆம் நாள் அவர் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். விலை ஒரு காசு. கூலியாளும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. வார இதழாய்ப் பிறந்த அது சில ஆண்டுகளில் நாளிதழாயிற்று.

பிறருக்கு உரைத்ததனைத் தாம் செய்து காட்டாதார் சொல் அம்பலம் ஏறாது. சாரங்கபாணியாரோ சீன மரபினரான ஒரு பெண்மணியை மணந்து, சாதி மட்டுமன்றி இன வேற்றுமையும் தமக்கில்லை எனக் காட்டினார். சாதியின் பெயரால் சங்கம் கண்டிருக்கும் நமக்கு இது சற்றே உறுத்தலான செய்தி என்பதை நாம் மறைக்கவில்லை.

ஆயினும், கண்டித்தல் மட்டும் ஒரு மக்களை ஒன்றுபடுத்தாது என்பதை அவர் உணர்ந்தார். எல்லாரும் கூடுதற்கு ஓர் இடமும் வேண்டுமன்றோ? 1952 முதல் தைப்பொங்கலை ஒட்டித் ‘தமிழர் திருநாள்’ கொண்டாடச் செய்தார். இந்து, இசுலாமிய, கிறித்துவத் தமிழர் யாவரும் சாதி கேளாது ஒரு பந்தலின்கீழ் அமர்ந்தனர்.

இவற்றினும் மேலாக நாம் மதிப்பது அவர் இளைஞரிடம் வைத்த நம்பிக்கையையே. கடல் கடந்த நாட்டிற் பிறந்த பிள்ளைக்குத் தாய்மொழி மெல்ல மெல்ல அயன்மொழியாதல் இயல்பு. 1950-களில் தமிழ் முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியை அமைத்து, பள்ளிப் பிள்ளைகளின் கதையையும் கவிதையையும் கட்டுரையையும் வெளியிட்டார். தம் பெயர் அச்சிற் கண்ட பிள்ளை மறுவாரமும் எழுதாதிருக்குமோ? பிற்காலத்தில் அந்நாட்டின் எழுத்தாளராயும் ஆசிரியராயும் விளங்கியோர் பலர் அப்பகுதியில் எழுதிப் பழகியவரே.

அக்காலை, சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தது. அதில் வடமொழிக்கா தமிழுக்கா முதலிடம் என்ற வழக்கு எழுந்தது. அவர் தமிழுக்காக வாதாடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். உழைப்பாளிகளும் தம்மால் இயன்றதை ஈந்தனர். 1956-இல் அத்துறை தமிழுக்கு இடந்தந்து தொடங்கிற்று.

1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஊர் திரும்பும் நினைவிலேயே வாழ்ந்த தமிழர் பலர் பதிவு செய்யத் தயங்கினர். வாக்குரிமை அற்றவர்க்கு நீதியும் அற்றுப்போம் என்று கண்ட அவர், பதிவு செய்துகொள்ளுமாறு இடையறாது வற்புறுத்தினார். அன்று பதிந்தவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டில் விருந்தினராயன்றி உரிமையுடையோராய் வாழ்கின்றனர். தமிழும் அங்கு நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் விளங்குகின்றது.

1974-இல் அவர் மறைந்தார். அவர் கண்ட தமிழ் முரசு இன்றும் ஒலிக்கின்றது.

நம் சங்கத்தார்க்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகின்றோம். முதியோர் பேசுகின்றோம், வாலிபர் நாற்காலி அடுக்குகின்றனர். அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளிடம் நன்கொடை கேட்கின்றோம்; அவர்தம் கருத்தினைக் கேட்டதுண்டா? இப்பத்திரிகையில் அவர்க்கென ஒரு பக்கம் ஒதுக்குதல் அரிதன்று. பிழை மலிந்த எழுத்தாயினும் திருத்தி வெளியிடுவோம். சாரங்கபாணியாருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவேயாம்.