தலையணையும் துயில்நிலையும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். உண்ணும் உணவைப் பற்றியும் உடுக்கும் உடையைப் பற்றியும் எத்தனையோ நூல்கள் எழுந்துள்ளன. ஆயின், அவ்வளவு காலமும் நம் தலையைத் தாங்கும் தலையணையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்பது நம் நாட்டு முதுமொழி. உழைத்து அயர்ந்தவனுக்குக் கட்டாந்தரையும் மெத்தையாகும் என்பது உண்மையே. எனினும், நித்திரை அறியாத குறையைக் காலையில் விழித்தெழும் கழுத்து அறிந்து சொல்லிவிடுகிறது.

தலையணையின் பணி யாது என்று வினவினால், தலைக்கு மென்மை தருவது என்றே பலரும் விடை கூறுவர். வரலாற்றை நோக்கினால் இவ்விடை முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. கல்லிலும் மரத்திலும் பீங்கானிலும் தலையணை செய்து, அவற்றின்மீது நூற்றாண்டுக் கணக்கில் துயின்ற மக்கள் உண்டு. அவர்கள் நாடியது உயரத்தையே. படுக்கையில் கிடக்கும் உடலின் தலைக்கும் கழுத்துக்கும் அடியில் ஓர் இடைவெளி ஏற்படுகிறது. அதனை அளவறிந்து நிரப்புவதே தலையணையின் முதற்பணியாகும்.

அவ்விடைவெளியோ நாம் கிடக்கும் நிலைக்கேற்ப மாறுவது. மல்லாந்து படுத்தால் பின்னந்தலை படுக்கையை ஏறக்குறையத் தொடுகிறது. கழுத்தின் இயற்கையான வளைவுக்கு அடியில் மட்டும் சிறிது இடம் எஞ்சுகிறது. ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் படுக்கைக்கும் இடையே தோளின் அகலத்தை ஒட்டிய இடைவெளி உண்டாகிறது. குப்புறப் படுத்தால் நிரப்புவதற்கு இடமே இராது. ஒரே தலையணை இம்மூன்று நிலைகளுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதே அதனைச் செய்வோர் தொன்றுதொட்டு எதிர்கொண்டுவரும் சிக்கல்.

தலையணை படுக்கையோடு பொருந்த வேண்டும் என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் வருகிறது. அம்புப் படுக்கையில் வீழ்ந்த பீஷ்மரின் உடலை அம்புகள் தாங்கின. தலை மட்டும் தாங்குவாரின்றித் தொங்கிற்று. அவர் தலையணை வேண்ட, அரசர்கள் மெல்லிய, விலையுயர்ந்த தலையணைகளைக் கொணர்ந்தனர். அவை இப்படுக்கைக்கு ஏற்றவை அல்ல என்று மறுத்த பீஷ்மர், அருச்சுனனை நோக்கினார். அவன் மூன்று அம்புகளை நிலத்தில் எய்து அவர் தலையைத் தாங்கச் செய்தான், பீஷ்மரும் மகிழ்ந்தார். வீரனுக்குரிய படுக்கையின் பெருமையைக் கூறுவதே காவியத்தின் கருத்து. எனினும், அம்புகளின்மேல் உயர்ந்து கிடக்கும் உடலுக்கு, அவ்வுயரத்திற்கு ஒத்த அம்புகளே தலையணையாயின என்னும் நுட்பமும் அதனுள் அடங்கியிருக்கிறது.

பழைய எகிப்திய மக்கள் மரத்தாலும் கல்லாலும் தந்தத்தாலும் தலைதாங்கிகள் செய்தனர். அடியில் ஒரு பீடம், அதன்மேல் ஒரு தண்டு, உச்சியில் பிறைபோல் வளைந்த தாங்கு பகுதி என்பதே அவற்றின் பொது அமைப்பு. 1922-ஆம் ஆண்டில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் மன்னனின் கல்லறையில் இத்தகைய தலைதாங்கிகள் எட்டு இருந்தன. அவற்றுள் தந்தத்தாலாகிய ஒன்றில், காற்றுக்குரிய தெய்வமான ஷூ இரு சிங்கங்களுக்கு நடுவே நின்று வளைவைத் தாங்குவதாகச் செதுக்கியுள்ளனர். இவ்வளவு உயர்ந்த தாங்கி எதற்கு என்னும் ஐயத்திற்கு அந்நாட்டுக் கல்லறைகளே விடை தருகின்றன. எகிப்திய வரலாற்றின் இடைக்காலத்தில், இறந்தோரின் உடலை இடப்புறமாக ஒருக்களித்துக் கிடத்தித் தலைக்கடியில் தாங்கியை வைப்பது வழக்கமாக இருந்தது. ஒருக்களித்த உடலின் தோளகலத்தை அத்தாங்கியின் உயரம் நிரப்பிற்று. தலையைத் தரையினின்று உயர்த்தி அடியில் காற்றோட்டம் தந்தது வெப்ப நாட்டில் கிடைத்த மற்றொரு நன்மை.

நம் நாட்டில் தலையணையின் அளவைப் பற்றிய மிகப் பழைய விதிகளுள் ஒன்று பௌத்தரின் விநய பிடகத்தில் காணப்படுகிறது. அதன் 'சுல்லவக்கம்' என்னும் பகுதியில், பிக்குகள் சிலர் அரையுடல் நீளமுள்ள தலையணைகளைப் பயன்படுத்தியதும், இல்லறத்தாரைப்போல் இன்பம் துய்க்கின்றனர் என மக்கள் பழித்ததும் கூறப்படுகின்றன. அத்தகைய தலையணையை விலக்கிய புத்தர், தலையின் அளவே கொண்ட தலையணையை ஏற்றுக்கொண்டார். மரத்தின் பஞ்சு, கொடியின் பஞ்சு, புல்லின் பஞ்சு என மூவகைப் பஞ்சினை அதனுள் அடைக்கலாம் என்றும் அந்நூல் வகுக்கிறது. துறவிக்கும் தலையணை மறுக்கப்படவில்லை, மிகையே மறுக்கப்பட்டது.

புத்தர் வலப்புறமாக ஒருக்களித்துத் துயிலும் நிலையைச் சிங்க சயனம் என்பர். மகாராட்டிரத்தில் வாழும் தமிழர்கள் அசந்தாவின் 26-ஆம் குகைக்குச் செல்வார்களாயின், ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள பரிநிர்வாணச் சிற்பத்தில் இந்நிலையைக் காணலாம். வலக்கை கன்னத்தின் அடியில் இருக்க, தலை தலையணைமேல் அமைந்திருக்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர் தலையணையின் உயரம் போதாதபோது கையையும் சேர்த்து வைத்துக்கொள்வதை இன்றும் எந்த வீட்டிலும் காண்கிறோம்.

தமிழர் படுக்கையின் சிறப்பை நெடுநல்வாடை விரிவாகக் கூறுகிறது. பாண்டிமாதேவியின் கட்டில் யானைத் தந்தத்தால் இயன்றது. அதன்மேல் விரித்த அணையில் அன்னத்தின் தூவி பொதியப்பட்டிருந்தது. இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்னும் ஐந்தினால் அமைந்த படுக்கையைப் பஞ்சசயனம் என்று நம் முன்னோர் வழங்கினர். எளிய மக்களுக்கோ பாயும், இலவம்பஞ்சுத் தலையணையும், அதுவும் இல்லையேல் மணைப்பலகையும் போதுமானவையாக இருந்தன.

இலவம்பஞ்சின் சிறப்பு அதன் இழையின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வோர் இழையும் உள்ளே வெறுமையான நுண்குழல். அதனுள் காற்று நிறைந்திருப்பதால் பஞ்சு மிக இலேசாக இருக்கிறது. நீரையும் அது எளிதில் உறிஞ்சுவதில்லை. நாளடைவில் அமுங்கினாலும் வெயிலில் உலர்த்தித் தட்டினால் மீண்டும் உப்புகிறது. 'இலவு காத்த கிளி' பழத்தை எண்ணி ஏமாந்தது. பஞ்சை வேண்டிய மனிதன் ஏமாறவில்லை. தில்லியிலும் பிற வட நகரங்களிலும் இளவேனில் தொடக்கத்தில் இலையுதிர்த்துச் செந்நிறமாகப் பூத்து நிற்கும் 'சேமல்' மரம் நம் செவ்விலவமே என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் தமிழர் பலர் அறிந்து மகிழ்ந்திருப்பர்.

கீழ்த்திசை நாடுகளில் தலையணையின் வரலாறு வேறு வழியில் சென்றது. சீனத்தில் சூயி அரசமரபின் காலத்திலேயே, அஃதாவது கி.பி. 581 முதல் 618 வரையுள்ள காலத்திலேயே, சுட்ட மண்ணாலும் பீங்கானாலும் தலையணைகள் செய்யத் தொடங்கினர். சோங் மரபின் காலத்தில் அவை பெரிதும் பரவின. கோடையில் தலைக்குக் குளிர்ச்சி தருவன என விரும்பப்பட்டன. சப்பானிலோ கூந்தல் அலங்காரம் தலையணையின் வடிவத்தை ஆண்டது. 1603 முதல் 1868 வரை நிலவிய எடோ காலத்தில், முடித்த கொண்டையும் குடுமியும் குலையாதிருக்க, உயர்ந்த மரப்பெட்டியின்மேல் சிறிய உருளை கட்டிய தலையணையைக் கழுத்துக்கடியில் வைத்துத் துயின்றனர். 1871-இல் அரசு குடுமியைக் களைய உரிமை அளித்தது; புதிய முடியலங்காரங்கள் பரவப் பரவ உயர்ந்த தலையணையின் தேவையும் குன்றிற்று.

அழகிற்காகக் கழுத்து கொடுத்த விலை என்ன என்பதற்கு அண்மையில் ஒரு குறிப்புக் கிடைத்துள்ளது. கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவர் சிலருக்குத் தானே கிழிவதுண்டு. அரிதாக நிகழும் இது, நடுவயதினர்க்கும் பக்கவாதத்தை விளைவிக்கக் கூடியது. சப்பானின் ஒசாக்கா மாநிலத்து மருத்துவ அறிஞர்கள் இந்நோயுற்ற 53 பேரையும், இந்நோயல்லாத 53 பேரையும் ஒப்பிட்டு 2024-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த தலையணையைப் பயன்படுத்தியோர் நோயுற்றவருள் நூற்றுக்கு 34 பேராகவும், மற்றவருள் 15 பேராகவும் இருந்தனர். தலையணை கடினமாக இருந்தபோது இத்தொடர்பு மேலும் வலுவாகக் காணப்பட்டது. எடோ காலத்துத் தலையணையை நினைவுகூர்ந்து இதற்குப் 'பிரபுத் தலையணை நோய்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அக்காலத்திலேயே, 12 சென்டிமீட்டரை ஒட்டிய உயரம் வசதி தரும், 9 சென்டிமீட்டரை ஒட்டியதே நீண்ட ஆயுள் தரும் என்னும் கருத்து வழங்கியதையும் அவர்கள் சுட்டினர். இவ்வாய்வு தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, உயர்ந்த தலையணையில் துயில்வோர் யாவரும் நோயுறுவர் எனக் கூறவில்லை. எனினும், இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கித் துயிலும் பழக்கமுடையோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

இருபதாம் நூற்றாண்டில் புதிய பொருள்கள் வந்தன. 1929-இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் இரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தென்ற பொருளாக்கினர். 1937-இல் செருமானிய வேதியியல் அறிஞர் ஓட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் பாலியூரித்தேனைக் கண்டனர். 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவிற்காக, விமான இருக்கைகளில் பயன்படும்பொருட்டுச் சார்ல்ஸ் யோஸ்ட் என்பார், உடலின் சூட்டாலும் பாரத்தாலும் மெல்ல அமுங்கி மெல்ல மீளும் நுரையை உருவாக்கினார். பிற்காலத்தில் மெத்தைக்கும் தலையணைக்கும் பயன்பட்ட 'மெமரி ஃபோம்' இதுவே. அமெரிக்க எலும்பு மருத்துவர் ரூத் ஜாக்சன் கழுத்து நோயைப் பற்றித் தம் நூலை 1956-இல் வெளியிட்டார். கழுத்தின் வளைவைத் தாங்கும் உருளைத் தலையணையும் அவர் பெயரால் அறியப்பட்டது.

பஞ்சைப்போல் நகராமல் தந்த வடிவத்தைக் காக்கும் நுரை கிடைத்தபின், ஒரே தலையணையில் பல உயரங்களை அமைப்பது எளிதாயிற்று. இன்று கடைகளில் காணும் அலைவடிவத் தலையணையில் நடுப்பகுதி தாழ்ந்தும், கழுத்தைத் தாங்கும் விளிம்பு திரண்டும், இருபக்கங்கள் உயர்ந்தும் இருக்கக் காணலாம். மல்லாந்து கிடக்குங்கால் தலை நடுப்பள்ளத்தில் அமர்கிறது; புரண்டு ஒருக்களிக்குங்கால் உயர்ந்த பக்கத்திற்குச் செல்கிறது. இத்தகைய அமைப்பு வேண்டுமோ என்பார்க்கு 2017-இல் வெளியான ஆய்வொன்று விடை கூறும். 664 பேரின் உறக்கத்தைக் கருவிகளால் அளந்தபோது, அவர்கள் படுக்கையில் பாதிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தை ஒருக்களித்தும், மூன்றிலொரு பங்குக்கு மேல் மல்லாந்தும், பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே குப்புறவும் கழித்தமை தெரிந்தது. ஒரே நிலையில் இரவு முழுதும் கிடப்பதாக நாம் எண்ணினும், உடல் மாறிக்கொண்டே இருக்கிறது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு நேரே பயன்படுவது. ஊரிலிருந்து வருங்கால் பலர் தம் தலையணையையும் உடன் கொண்டுவருகிறோம். அது பாய்க்கெனத் தைத்த தலையணை. பாயில் தோள் அமிழாது. ஆகவே ஒருக்களிக்க நல்ல உயரம் வேண்டியிருந்தது. நுரைமெத்தையில் தோள் அமிழ்வதால் இடைவெளி குறைகிறது. பழைய தலையணை மிகை உயரமாகிக் கழுத்தை மேல்நோக்கி வளைக்கிறது. வடநாட்டுக் கயிற்றுக் கட்டிலோ நடுவில் தொய்வது. அதற்குரிய கணக்கு வேறு. படுக்கை மாறியும் தலையணை மாறாதிருப்பின், காலையில் தோன்றும் கழுத்து வலிக்கு ஊர்த் தண்ணீரையும் குளிரையும் குறைகூறுவதில் பயனில்லை.

குழந்தைகளின் பொருட்டு ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டும். தலை உருண்டையாக வேண்டுமெனக் கைக்குழந்தைக்குக் கடுகுத் தலையணை வைக்கும் வழக்கம் தெற்கிலும் வடக்கிலும் உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு எவ்வகைத் தலையணையும் கூடாது என்பதும், மல்லாந்தே உறங்கச் செய்ய வேண்டும் என்பதும் இக்கால மருத்துவர் முடிவு. முகம் புதைந்து மூச்சடைக்கும் இடர் இருப்பதே காரணம். அன்பினால் வைப்பது ஆபத்தாகலாகாது.

தமக்கேற்ற உயரத்தை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நாள்தோறும் துயிலும் படுக்கையிலேயே ஒருக்களித்துப் படுத்து, துண்டுகளை மடித்துத் தலைக்கடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். முதுகெலும்பும் கழுத்தும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகப் பின்னால் நிற்பவர் கூறும்போது உள்ள உயரமே ஒருக்களிப்பதற்கு உரியது. மல்லாந்து படுத்து, மோவாய் நெஞ்சை நோக்கிக் குனியாமலும் மேல்நோக்கி நிமிராமலும் இருக்கும் அளவையும் காணலாம். வலி நீடித்தாலோ கை மரத்தாலோ மருத்துவரை நாடுவதே முறை.

அளவு தெரிந்தபின் ஊர்த் தலையணையை எறிய வேண்டியதில்லை. ஒரே துண்டாக வார்த்த நுரைத் தலையணையின் உயரத்தை வீட்டில் மாற்றுவது எளிதன்று. இலவம்பஞ்சுத் தலையணையையோ ஒரு புறத் தையலைப் பிரித்து, வேண்டாத பஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் தைத்துக்கொள்ளலாம். நடுவில் பஞ்சைக் குறைத்து, இருபுறமும் மிகுத்துக் குறுக்கே இரு தையல் இட்டால், அலைவடிவத் தலையணையின் பயனும் ஓரளவு கிட்டும். அன்னையோ பாட்டியோ தைத்துக் கொடுத்த அதே தலையணை, புதிய ஊரின் புதிய கட்டிலுக்கும் பொருந்திவிடும்.