புண் ஆறும் சுவர்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாலந்தாவில் இறங்கிச் சற்று உள்ளே நடந்தால், நீர்த்தேக்கக் கரையில் ஒரு கற்கோயில் நிற்கிறது. நாலந்தா கெடிகே. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தது. பௌத்தர்கள் வழிபட்ட தலம் என்று கருதப்பட்டாலும், மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அதன் கூடு வளைவுகளும் கூரையும் பழகியவைதான்.

கோயில் பிறந்த இடம் இதுவல்ல. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, வயல் நடுவே இருந்த கெடிகே நீரில் மூழ்கவிருந்தது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். இந்தக் கட்டட மரபில் கல்லை நிறுத்துவது சாந்து அல்ல, பாரமும் பொருத்தமும்தான். அதனால்தான் அதைக் குலைக்கவும் கூட்டவும் முடிந்தது.

சுண்ணாம்பின் வழி வேறு. அதே மாவட்டத்தில் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரைப் பாருங்கள். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்துச் செங்கற்சுவர், அதன்மேல் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. கெடிகே எழுந்த அதே நூற்றாண்டுகளில் வந்த பயணிகள் அதில் கவிதை கீறிப் போனார்கள். தொல்லியலாளர் பரணவிதான 1956இல் அவற்றில் 685ஐப் பதிப்பித்தார். மேலே பாறை குடை பிடித்ததால் மழை அவற்றைக் கரைக்கவில்லை.

மழை நனைக்கும் சுண்ணாம்பு வேலையில்தான் விந்தை நடக்கிறது. மயிரிழை வெடிப்புக்குள் நீர் புகுந்ததும், சாந்தில் மிஞ்சிக் கிடக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் கரைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சந்தித்ததும் அது மறுபடி கல்லாக இறுகி, வாயை மூடிவிடுகிறது. பழைய நீர்த்தொட்டியின் அடியில் வெள்ளை நூல்போல ஓடும் படிவைக் கண்டிருப்பீர்கள். அது ஆறிய புண்ணின் தழும்பு.

சிமெந்திலும் இந்தக் குணம் உண்டு. நீர் நிற்கும் கட்டுமானங்களில் வெடிப்பு தானே அடைபடுவதைப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1836இலேயே குறித்தது. நீர் சேராமல் மிஞ்சிய சிமெந்துத் துகள்கள் பிறகு நனைந்து வளர்வதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் இப்போது சிமெந்தை மிக நைசாக அரைக்கிறார்கள். சீக்கிரம் இறுகுகிறது, மிச்சம் குறைகிறது. அவசரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

உரோமர்களின் காங்கிரீட்டில் அந்த மிச்சம் இருந்தது. அவர்களின் கலவையில் கிடக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளைச் சரியாகக் கலக்காததன் குறை என்றே ஆய்வாளர்கள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அவை பின்னாளில் கரைந்து வெடிப்பை அடைக்கும் இருப்பு என்று 2023இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே முறையில் அவர்கள் செய்த காங்கிரீட்டில் அரை மில்லிமீட்டர் வெடிப்பு இரண்டு வாரத்தில் அடைபட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஹென்க் யொங்கர்ஸ் பாக்டீரியாவைக் காங்கிரீட்டில் உறங்கவைத்து, நீர் பட்டதும் அது சுண்ணாம்புக்கல்லைச் சுரக்கும்படி செய்தார்.

மாத்தளைப் பக்கத்தில் சுண்ணாம்பு தரும் டொலமைட் கல் தாராளமாகக் கிடைக்கிறது, அதைச் சுட்டு நீற்றும் கைகளும் இருக்கின்றன. பழைய மடத்திலோ கோயிலிலோ சுண்ணாம்புச் சுவர் வெடித்தால் அதன்மேல் சிமெந்து பூசாதீர்கள். சிமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை உதிர்க்கும். சுண்ணாம்பை நீற்றி, சுண்ணாம்பாலேயே பூசுங்கள்.