புது ப்ராசசரும் நாலு மாச சந்தேகமும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் வரலாறு எதுக்குன்னு கேக்காதீங்க. இதுவும் ஒரு கணக்கு டேலி ஆகாத கதைதான்.

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். வேகம் போதவில்லை என்று புது ப்ராசசர் மாற்றுவோம். அதற்கப்புறம் எப்போது படுக்கும் என்றே தெரியாது. பாட்டு கேட்கும்போது நீலத்திரை வரும். சும்மா இருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். கடையில் கேட்டால் முதல் வைத்தியம் "ரேமைக் கழட்டி ரப்பரால துடைச்சுப் போடுங்க". அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., அப்புறம் தெர்மல் பேஸ்ட், அப்புறம் பயாஸ் அப்டேட், கடைசியில் விண்டோஸ் ரீ-இன்ஸ்டால். ப்ராசசர் மேல் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். "ப்ராசசர் போகாதுங்க" என்பது ஒரு வேதவாக்கு.

பத்தில் ஒன்பது தடவை இந்த வாக்கு சரி. சிக்கலே அந்த மீதி ஒரு தடவைதான்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரி கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்கள் (11, 13 மாதிரி ஜோடியாக வருபவை) பற்றி ஆராய்ந்தவர். அவற்றின் தலைகீழ் எண்களைக் கூட்டிக்கொண்டே போக, பல கம்ப்யூட்டர்களை இரவு பகலாக ஓட விட்டிருந்தார். 1994 மார்ச்சில் அந்தக் கூட்டத்தில் ஒரு புது பென்டியம் சேர்ந்தது. ஜூன் 13-ந்தேதி கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை.

நம்ம பாஷையில் சொன்னால், இருப்பாய்வு டேலி ஆகவில்லை. நாமாக இருந்தால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் போகவில்லை. முதலில் தன் ப்ரோகிராமைச் சந்தேகப்பட்டார். பிறகு கம்பைலரை, பிறகு மதர்போர்டை. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, ப்ராசசரேதான் வகுத்தலைத் தப்பாகப் போடுகிறது என்று உறுதியாகச் சொல்ல அக்டோபர் 19 ஆகிவிட்டது. நாலு மாசம்! கணிதப் பேராசிரியருக்கே நாலு மாசம் என்றால் கடைக்காரர் அண்ணனைக் குறை சொல்லி என்ன பயன்?

இது கிராஷ் இல்லை, தப்புக் கணக்கு என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிழை தேடும் வழி அதேதான். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, மறுபடி ஓட்டிப் பார்ப்பது. மாற்றிப் பார்க்க இன்னொரு மெஷின் இருந்ததால் அவரால் முடிந்தது.

காரணம் சப்பையானது. வகுத்தலுக்காக சிப்புக்குள் 1066 இடங்கள் கொண்ட ஒரு அட்டவணை இருந்தது. அதில் 5 இடங்களில் எண் விட்டுப்போயிருந்தது. இன்டெலுக்கும் அந்த ஆண்டே இது தெரிந்திருந்தது. ஆனால் விஷயம் வெளியே வந்தபோது, சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் ஆசாமிக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தப் பிழை தட்டுப்படும் என்றார்கள். மாற்றித் தர வேண்டுமானால் உனக்கு அது தேவை என்று நீதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஐ.பி.எம். அந்த பென்டியம் மெஷின்களை அனுப்புவதை நிறுத்திய பிறகு, டிசம்பர் 20-ல் கேள்வி கேட்காமல் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். அதற்காக ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர். "நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது" என்பதற்கு இவ்வளவு பெரிய விலை!

2000-ல் வேறு மாதிரி கூத்து. ஒரு கிகாஹெர்ட்ஸை முதலில் தொடுவது யார் என்ற ஓட்டப்பந்தயத்தில் ஏ.எம்.டி. மார்ச் 6-ல் ஜெயித்தது. இன்டெல் இரண்டு நாள் பின்னால். அவசரப்பட்டு ஜூலை 31-ல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வெளியிட்டார்கள். ஜெர்மன்காரர் டாம் பாப்ஸ்ட் அதில் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யப் பார்த்தால் முடிக்காமலேயே படுத்துவிட்டது. இன்னும் சில விமர்சகர்களும் அதையே கண்டார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். நூறு ரூபாய் தாங்கும் சிப்பை நூத்திப்பத்துக்கு ஓட்டினால் அப்படித்தான்!

சரி, மீதி ஒன்பது தடவைக்கு வருவோம். அங்கே குற்றவாளி பெரும்பாலும் கரண்ட்.

1993-ல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் சுமார் 16 வாட் எடுத்தது. அதாவது 3 ஆம்பியர் சொச்சம். இன்டெலின் 13-ஆம் தலைமுறை ஐ9 முழு வேகத்தில் 253 வாட் எடுக்கும், அதுவும் ஏறக்குறைய 1.3 வோல்ட்டில். வகுத்துப் பாருங்கள் (பழைய பென்டியத்தில் வேண்டாம்!), கிட்டத்தட்ட 200 ஆம்பியர். வீட்டில் கீஸர் மாட்டும் பிளக்கே 16 ஆம்பியர்தான். வோல்டேஜ் வேறு என்றாலும் அந்தக் கரண்ட் முழுக்க ப்ராசசரைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன பாகங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அவை கொஞ்சம் தடுமாறினாலும் ப்ராசசருக்கு ஒரு நொடியின் துணுக்கில் வோல்டேஜ் குறையும், ஒரு பிட் தப்பாகும், நீலத்திரை. புது ப்ராசசர் போட்டதும் பழைய எஸ்.எம்.பி.எஸ். காலை வாருவது இதனால்தான்.

2000-களின் முதல் பாதியில் இதற்கு ஒரு கொள்ளைநோயே வந்தது. தைவானில் தயாரான ஏராளமான கேபாசிட்டர்களில் உள்ளே இருந்த திரவத்தின் சேர்க்கை சரியில்லை. வாயு சேர்ந்து தலை உப்பி, சிலது வெடித்து ஒழுகியது. திருடிய பார்முலாவால் வந்த வினை என்று ஒரு உளவுக் கதையும் உலவியது. டெல் நிறுவனம் 2005-ல் தன் ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களைச் சரிசெய்ய சுமார் 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. ப்ராசசர் மாற்றும் முன் மதர்போர்டில் உப்பிய தலைகள் இருக்கிறதா என்று பார்ப்பது அப்போது பழகிய வழக்கம். இன்றும் பழைய போர்டு வைத்திருப்பவர்கள் பார்க்கலாம்.

எங்கள் மஞ்சக்குட்டைப் பக்கம் மழைக்காலத்தில் மின்னலும் வோல்டேஜ் ஆட்டமும் சொல்லி மாளாது. 2012 மின்வெட்டுக் காலத்தில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கரண்ட் வரும் அந்த முதல் நிமிஷம்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு எமகண்டம். இன்னொன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 14 சதவீதம் லேசு, அதனால் ஃபேன் அள்ளும் காற்றும் குறைவு. நல்லவேளை, குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. ரிப்பேருக்கு மட்டும் ஈடு இல்லை. கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனால், கடையில் அது சமர்த்தாக ஓடும். "ஒண்ணும் இல்லையே தம்பி" என்பார்கள். மேலே வந்து மாட்டினால் மறுபடி படுக்கும். கடையின் கரண்டும் வீட்டின் கரண்டும் வேறு வேறு. இங்கே எது மாறியது என்று கேட்டிருந்தால் நைஸ்லி வழி வேலை செய்திருக்கும்.

கடைசிக் கதை சமீபத்தது. 2022, 2023-ல் வந்த இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்களில் கேம்கள் கண்டபடி கிராஷ் ஆயின. திரையில் வந்த செய்தி என்ன தெரியுமா? வீடியோ மெமரி போதவில்லை! ஆயிரம் ஆயிரமாய்க் கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள் ஜனங்கள். 2024 ஏப்ரலில் என்விடியா, இன்டெலைக் கேளுங்கள் என்றது. இன்டெல் மதர்போர்டு கம்பெனிகளின் பயாஸ் அமைப்பைக் கைகாட்டியது. ஜூலையில்தான், மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தம் வந்தது. வாரண்டியை 3 வருஷத்திலிருந்து 5 ஆக்கினார்கள்.

ஆனால் அந்தத் திருத்தம் இனிமேல் கெடாமல்தான் பார்க்கும். ஏற்கனவே கெட்ட சிப்பைக் குணப்படுத்தாது. கிராஷ் வந்தால் மாற்றித்தான் வாங்க வேண்டும், அதற்கு பில் வேண்டும். டப்பா இல்லாத 'ட்ரே' ப்ராசசர் வாங்கியவர்கள் விற்ற கடையைத்தான் பிடிக்கணும். செகண்ட் ஹேண்டில் 13900, 14900 மலிவாகக் கிடைக்குதுன்னு யாராவது சொன்னா, பயாஸ் எந்தத் தேதியில் அப்டேட் ஆனது, அதுக்கு முன்னாடி எத்தனை மாசம் ஓடியதுன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு அப்புறம் காசை எடுங்க.