தாங்கும் தோள்

எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்று துடிப்பவர்கள் நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் கதையைக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் பெர்ட் ஹாப்வுட் என்ற நிபுணர் வகுத்த 'டாமினேட்டர்' 1949-ல் விற்பனைக்கு வந்தது. சாலையில் நெடுந்தூரம் போவதற்கான வண்டி. எஞ்சின் 497 சி.சி. வாங்கியவர்களுக்கு அது போதவில்லை. சிலிண்டரை அகலமாக்கினார்கள், பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டினார்கள். 1962-ல் அது 745 சி.சி. ஆயிற்று. கூடவே அதிர்வும் வளர்ந்தது. ஆகவே 1967-ல் அறிமுகமான 'கமாண்டோ'வில் எஞ்சினை ரப்பரின் மேல் உட்கார வைத்தார்கள். ஓட்டுகிறவனுக்குச் சுகந்தான். ஆனால் எஞ்சின் படும் பாடு அவன் கைக்குத் தெரியாமல் போயிற்று.

1972-ல் 'காம்பாட்' எஞ்சின் வந்தது. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று. 65 குதிரைச் சக்தி. அதிவேகத்தில் கிராங்க் தண்டு வளைந்தது. பேரிங்கிலிருந்த உருளைகளின் விளிம்பு வளையத்தைக் கடித்துத் தின்றது. பல எஞ்சின்கள் சீக்கிரமே படுத்துவிட்டன.

பரிகாரம் மிகச் சிறியது: நடுவில் இம்மியளவு பருத்த உருளைகள். தண்டு வளைந்தாலும் அவை கடிக்கவில்லை. 1973-ல் வந்த 829 சி.சி. எஞ்சினில் அழுத்தத்தையும் குறைத்துக் கொண்டார்கள்.

சுமையை ஏற்றுமுன் தோளைப் பார்க்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் ஏற்றிய பிறகே அவர்கள் தோளைப் பார்த்தார்கள்.