பத்து வயது என்னும் எல்லை

பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் சிறுவர் சிறுமியர் ஆறாம் வகுப்பிற்கு நம்மிடம் வருகின்றனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவர்கள் பெற்ற புள்ளிகளைக் கண்டதும், ‘தோட்டத்துப் பிள்ளை, இவ்வளவுதான் வரும்’ என்று ஆசிரியர் அறையிலே தீர்ப்புக் கூறப்பட்டுவிடுகின்றது. அத்தீர்ப்புக்கு ஒரு நூற்றாண்டு வயதுண்டு.

1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கோர் அறை ஒதுக்குவதும் தோட்டத்துரைமாரின் கடமை என்றது. நல்ல காரியந்தானே என்று தோன்றும். ஆனால் பத்து வயது என்னும் எல்லையைச் சற்றே உற்றுநோக்குங்கள். கொழுந்துக்கும் களைக்கும் பிள்ளையின் கை பயன்படத் தொடங்கும் வயது அது. 1920ஆம் ஆண்டுச் சட்டமோ, காலை பத்து மணிக்கு முன் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. பத்து மணிக்குப் பின்? அதற்குத் தடையில்லை! சட்டம் இயற்றியோர் படிப்பையும் மலையையும் எத்துணை நுட்பமாகப் பங்கிட்டனர்!

ஓர் அறை, ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியர். அவரும் துரையிடம் சம்பளம் வாங்குபவர். இதுவே தோட்டப் பள்ளியாக நிலைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை ஏற்ற அரசு, தோட்டப் பள்ளிகளைத் தோட்டங்களிடமே விட்டுவைத்தது. அவற்றையும் ஏற்கும் வேலை 1977 முதலே கட்டங்கட்டமாக நடந்தது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட தாமதம்! ஒரு தலைமுறை அதனுள் அடங்கிவிட்டது. எண்பதுகளில் மலையக இளைஞரே ஆசிரியராய் நியமனம் பெற்றபின் நிலை மாறத் தொடங்கியது உண்மை. எனினும் ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளிகள் ஊவாவில் இன்றும் உள்ளன.

நம் வகுப்பில் ஒரு சிறுமிக்குப் பின்னக் கணக்கு வரவில்லை. அவளை மெல்லக் கற்போர் வரிசையில் இருத்தியவர்கள் நாமே. ஒருநாள் பேச்சுவாக்கில், “அம்மாவுக்கு இந்த வாரம் எத்தனை பேர் விழுந்தது?” என்று வினவினோம்.

“நாலு முழுப்பேர், ரெண்டு அரைப்பேர் சேர். ஆக அஞ்சு நாள் சம்பளம்,” என்றாள் உடனே. நிறுவையில் கழித்த கிலோவையும் சேர்த்தே சொன்னாள்.

நாம் கொடுத்த வினாத்தாளில் அரைப்பேர் இல்லை. பிறந்தநாள் கேக்கின் அரைத்துண்டு இருந்தது.