கல்விக்கு உரியவர் யாவர்? இங்கிலாந்துச் சட்டங்கள் புகட்டும் பாடம்

ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், அந்நாட்டின் பல்கலைக்கழகங்களையும் அங்குத் தோன்றிய அறிஞர்களையும் விரித்துரைப்பர். பாடசாலை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயின், கல்வி என்பதற்கு ஒரு சமுதாயம் எப்பொருள் கொண்டது என்பதை அறிதற்கு அப்பிள்ளைகளின் வரலாறே சிறந்த அளவுகோலாகும். இக்கட்டுரை இங்கிலாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்கின்றது.

பிரித்தானியாவில் இம்முயற்சி தனியார் கையிலேயே தொடங்கிற்று. தோமஸ் பிறெயிட்வுட் என்பார் 1760 ஆம் ஆண்டில் எடின்பரோ நகரிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கெனப் பாடசாலையொன்றை நிறுவினார். கட்டணம் செலுத்த வல்ல செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதனாற் பயனடைந்தனர். வறியோருக்கெனப் பார்வையற்றோர் பள்ளியொன்று லிவர்ப்பூலில் 1791 இலும், செவிப்புலனற்றோர் பள்ளியொன்று இலண்டனில் 1792 இலும் தோன்றின. இவை அறத்தின் பாற்பட்டவை. கூடை முடைதல் போன்ற கைத்தொழில்களைக் கற்பித்து, பிறரிடம் கையேந்தாது வாழச் செய்தலே இத்தகைய நிலையங்களின் முதன்மையான நோக்கமாயிருந்தது. கற்றல் பிள்ளையின் உரிமை என்னும் எண்ணம் அக்காலத்தில் எழவில்லை.

1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நாடெங்கும் பாடசாலைகள் பெருக வழி செய்தது. 1880 இல் வரவு கட்டாயமாக்கப்பட்டது. அதுகாறும் வீட்டு மூலைகளில் மறைந்திருந்த பிள்ளைகள் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்தில், 1862 முதல் வழங்கிய முறைப்படி, அரசினர் நன்கொடையின் பெரும்பகுதி மாணவரின் வரவையும் சோதனைப் பேற்றையும் பொறுத்திருந்தது. ஆதலின், சோதனையில் தேறாத பிள்ளை பாடசாலைக்குப் பொருள் இழப்பாகவே தோன்றிற்று. அத்தகைய பிள்ளையிடத்து ஆசிரியருக்குப் பரிவு இருந்தாலும், அப்பரிவுக்கு முறைமை இடமளிக்கவில்லை.

பார்வையற்றோர், செவிப்புலனற்றோர் ஆகியோரின் நிலைமையை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1889 இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாக 1893 இல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. பார்வையற்ற பிள்ளைகளுக்கு 5 வயது முதலும், செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு 7 வயது முதலும், 16 வயது வரை கல்வியளித்தல் உள்ளூர் அதிகாரிகளின் கடமையாயிற்று. கல்லாது விடப்படுவோர் பிற்காலத்தில் அரசுக்குப் பெருஞ்சுமையாவர் என்னும் கருத்து இதற்கு ஒரு காரணமாகும். அறமும் சிக்கனமும் ஈண்டு ஒன்றாய் நின்றன.

உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கோ இப்பேறு விரைவிற் கிட்டவில்லை. 1892 இல் லெஸ்ரர் நகரில் அவர்களுக்கெனத் தனி வகுப்பு தொடங்கியது. 1899 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வகுப்புகளை அமைக்க அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. 1914 இலேயே அது கடமையாயிற்று. ஆயின், இதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய உளக்குறைபாட்டுச் சட்டம் ஓர் எல்லைக்கோட்டை வரைந்துவிட்டது. விசேட பாடசாலையிலும் கற்கவியலாதவர் எனக் கருதப்பட்ட பிள்ளைகள் கல்வி அதிகாரிகளின் பொறுப்பினின்று நீக்கப்பட்டனர். பின்னர், நுண்மதி ஈவு ஏறத்தாழ 50 இற்குக் குறைந்தவர் இவ்வகுப்பிற் சேர்க்கப்படுதல் வழக்கமாயிற்று.

1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லோருக்கும் இடைநிலைக் கல்வியை வழங்கியமையாற் புகழ் பெற்றது. அதன் கீழ் 1945 இல் எழுந்த விதிகள் விசேட கல்விக்குரிய பிள்ளைகளைப் பதினொரு வகையினராகப் பகுத்தன. எனினும், எல்லைக்கோடு அழியவில்லை. கல்விக்குத் தகுதியற்றவர் எனத் துணியப்பட்ட பிள்ளை சுகாதார அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்துணிபு எழுத்து மூலம் பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டது. அக்கடிதத்தைக் கையிற் கொண்ட தாயின் நிலையை ஆசிரியர் எவரும் உணர்வர்.

அத்தகைய தாய்மாருள் ஒருவரே ஜூடி பிறைட் அம்மையார். அவர் 1946 இல் இதழொன்றுக்குக் கடிதம் எழுதி, தம் நிலையில் உள்ள பெற்றோர் ஒன்றுகூடுமாறு அழைத்தார். அதனாற் பிறந்த பெற்றோர் சங்கமே இன்று மென்காப் என வழங்கும் பேரமைப்பாகும். பிள்ளையின் குறைக்கு வெட்கித் தனித்திருந்த குடும்பங்கள் ஒன்றுகூடியமையால், அவரவர் வீட்டுத் துயரமாயிருந்தது பொதுக் கோரிக்கையாக மாறிற்று.

ஆராய்ச்சியும் அவர்களுக்குத் துணை நின்றது. ஜக் ரிசாட் என்னும் உளவியலறிஞர் 1958 இல் இலண்டன் மருத்துவமனையொன்றிலிருந்த பிள்ளைகளுள் 16 பேரை புறூக்லன்ட்ஸ் என்னும் இல்லத்திற்கு மாற்றினார். அங்கு அவர்கள் சிறு குழுக்களாகக் குடும்பத்தை ஒத்த சூழலில் வாழ்ந்தனர். பாலர் பாடசாலையிற் போல விளையாடிக் கற்றனர். மருத்துவமனையிலேயே தங்கிய ஒத்த நிலையினரோடு ஒப்பிட்டபோது, இவர்களின் பேச்சாற்றல் தெளிவாக மேலோங்கியிருந்தது. பிள்ளையின் இயல்பென எண்ணப்பட்டதில் ஒரு பகுதி மருத்துவமனைக் கூடத்தின் விளைவே என்பது இதனாற் புலனாயிற்று.

ஈற்றில், 1970 இல் நிறைவேறிய சட்டம் எல்லைக்கோட்டை அழித்தது. 1971 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, கல்விக்கு அப்பாற்பட்ட பிள்ளை என ஒருவரும் சட்டத்தின் முன் இலராயினர். சுமார் 32,000 பிள்ளைகள் இவ்வாறு கல்வி உரிமை பெற்றனர். 1978 இல் மேரி வோர்ணொக் தலைமையிலான குழு, பிள்ளைகளுள் ஐவருள் ஒருவருக்குப் பாடசாலை வாழ்வில் ஏதோவொரு காலத்தில் விசேட உதவி தேவைப்படலாம் எனக் கூறியது. பெற்றோரைக் கல்வியிற் பங்காளராகக் கொள்ளுமாறும் வற்புறுத்தியது. 1981 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வகைப்பாட்டை நீக்கி, பிள்ளையின் தேவைகளை எழுதி வைக்கவும், அதனை ஏற்காத பெற்றோர் மேன்முறையீடு செய்யவும் இடமளித்தது. எனினும், பொதுப் பாடசாலையில் அப்பிள்ளைகளைச் சேர்த்தற்கு, பிற மாணவரின் கல்வி, பொருள்வளம் முதலியன பற்றிய நிபந்தனைகளையும் விதித்தது. உரிமை வழங்கிய சட்டம் அதற்கேற்ற பொருளையும் வழங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

1893 இற்கும் 1970 இற்கும் இடையே 77 ஆண்டுகள் கழிந்தன. இக்காலத்திற் பிள்ளைகளின் இயல்பு மாறவில்லை. அவர்களைக் குறித்துச் சமுதாயம் கேட்ட வினாவே மாறிற்று. ‘இப்பிள்ளை கற்க வல்லதா?’ என்று முன்னர்க் கேட்டனர். ‘இப்பிள்ளைக்குக் கற்பிக்க நாம் செய்ய வேண்டுவன யாவை?’ என்று பின்னர்க் கேட்கலாயினர். சட்டம் முதல் வினாவை விலக்கியது. வகுப்பறையில் அதனை விலக்குதல் ஆசிரியரின் கடமையாகும். பெற்றோரைத் துணைக் கொள்ளாது அக்கடமை நிறைவேறாது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.